வண்டி ஷெட்டுல எதுக்கு ஒரு சிங்க்?

உத்திரமேரூர் பக்கத்துல வீடு. வண்டி நிறுத்துற ஷெட்டுல ஒரு சிங்க் வைக்கச் சொன்னேன். "உள்ளதான் ரெண்டு வாஷ்பேசின் இருக்கே சார், இங்க எதுக்கு வெட்டிச் செலவு?"ன்னார் பிளம்பர். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

நம்ம ஊர் ஷெட்டுல வண்டி மட்டுமா நிக்குது? மருந்தடிக்கிற ஸ்பிரேயர், டிராக்டர் பேட்டரி, மிச்சமான சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாம் அங்கதான். தண்ணி மட்டும் வீட்டைச் சுத்திப் பின்பக்கம்.

குளோர்பைரிஃபாஸ், புரோஃபெனோஃபாஸ் மாதிரி மருந்துகள் குடிச்சாதான் விஷம்னு பலர் நினைக்கிறாங்க. தோல் வழியாவும் உள்ள போகும். அதுவும் எல்லா இடத்துலயும் ஒரே அளவு இல்லை. முன்கையை விட விரைப்பைத் தோல் பல மடங்கு அதிகமா உறிஞ்சும். அதனால மருந்தடிச்சிட்டு வர்றவங்க, சிறுநீர் கழிக்கப் போறதுக்கு முன்னாடியே சோப்புப் போட்டுக் கை கழுவணும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை. கழுவாத கையோட உள்ள போனா, ஓடி வர்ற குழந்தையைத் தூக்குறதும் அந்தக் கைதான்.

அடுத்தது கண். பேட்டரி ஆசிடோ சுண்ணாம்போ தெறிச்சா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே கழுவ ஆரம்பிக்கணும். இமையைப் பிரிச்சுப் பிடிச்சு, மெதுவா ஓடுற சுத்தமான தண்ணியில குறைஞ்சது 15 நிமிஷம். சுண்ணாம்பும் ஈர சிமெண்டும் காரம். ஆசிடை விட மோசம், கண்ணுக்குள்ள ஊடுருவிப் போய்க்கிட்டே இருக்கும். அமெரிக்கத் தொழிற்சாலைத் தரநிலை, கண் கழுவுற குழாய் 10 நொடியில போய்ச் சேர்ற தூரத்துல இருக்கணும்னு சொல்லுது. நம்ம ஷெட்டுக்கும் அதே கணக்குதான். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீங்க.

கிரீஸ் கையை பெட்ரோல்ல கழுவுற பழக்கத்தையும் விட்டுடுங்க, தோல் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சிட்டு சோப்புப் போட்டாலே போயிடும்.

சரி, சிங்க். 10 அங்குல ஆழத்துல ஸ்டீல் சிங்க் போதும். முழங்கையால தள்ளித் திறக்கிற குழாய் கேளுங்க, ஆபரேஷன் தியேட்டர்ல இருக்குமே அது. கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு. கீழ வளைஞ்ச டிராப் கட்டாயம்; அதுல நிக்கிற தண்ணிதான் நாத்தத்தைத் தடுக்குது. குழாயை வெயில் படாம கொண்டு வாங்க. மே மாசம் மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணி கொதிக்கும், அதைக் கண்ணுல விட முடியாது.

கழிவுத் தண்ணி, கிணறு, போர் ரெண்டுக்கும் நல்லாத் தள்ளி ஒரு உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். ஆனா ஸ்பிரேயரை இந்த சிங்க்ல கழுவவே கூடாது. வயல்லயே மூணு தடவை அலசி, அந்தத் தண்ணியை அதே பயிருக்கு அடிச்சிடுங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஏரியைப் பாத்துக்க ஏரி வாரியம்னு தனியா ஒண்ணு வச்ச ஊருங்க இது. வாய்க்கால்ல டேங்க் அலசுறவங்களைப் பாத்தா எனக்குக் கோபம்தான் வருது.

கழுவின பிறகும் வாந்தி, எச்சில் ஒழுகுறது, அதிக வியர்வை, பார்வை மங்கல் இருந்தா உடனே 108. வரும்போது மருந்து டப்பாவை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. லேபிள்ல இருக்கிற பேர் எங்களுக்கு வேணும்.