இரண்டு பிளாட்பாரங்கள்

தாம்பரத்துக்காரர்களுக்குப் பிளாட்பாரம் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வருகிறது என்று கேட்டுக்கொண்டு மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கியே எங்களில் பலருக்கு முழங்கால் தேய்ந்திருக்கிறது. சேலையூரில் எங்கள் அடுத்த வீட்டுப் பிள்ளையாண்டானுக்கோ அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அவன் செல்போன் செயலிகள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். "இரண்டு பிளாட்பாரத்துக்கும் சேர்த்து வேலை செய்து மாளவில்லை, சார்" என்று அவன் அலுத்துக்கொள்ளாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அவன் சொல்லும் இரண்டு, கூகிளின் ஆண்ட்ராய்டும் ஆப்பிளின் ஐபோனும். இன்று விற்கும் கைப்பேசிகளில் அநேகமாக எல்லாமே இந்த இரண்டு குலத்தில் ஒன்றைச் சேர்ந்தவை. 2008-ம் ஆண்டில், சில மாத இடைவெளியில், இருவரும் ஆளுக்கொரு செயலிக் கடை திறந்தார்கள். அன்று ஆரம்பித்த போட்டி இன்னும் ஓயவில்லை.

இதைப் புரிந்துகொள்ளத் தாம்பரத்துக்காரன் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். எழும்பூர் வரை போனால் போதும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-ல் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியபோது அது மீட்டர் கேஜ். சென்ட்ரலுக்கு வந்த வண்டிகளோ பிராட் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர். டில்லியிலிருந்து திருச்சிக்குப் போகிறவன் சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சுக்களோடு எழும்பூர் போய், வேறு வண்டி ஏற வேண்டும். ஒரு பாதைக்குச் செய்த பெட்டி மற்றதில் ஓடாது. எங்கள் மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004-ல்தான் ஓய்வு பெற்றது. என் கல்லூரிப் படிப்பில் பாதி அந்த வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்ததுதான்.

செயலி எழுதுகிறவன் பாடும் இதுவே. ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் என்று ஒரு பாஷை; ஐபோனுக்கு ஸ்விஃப்ட் என்று மற்றொன்று. ஆப்பிள் கடையில் சரக்கு வைக்க ஆண்டுக்கு 99 டாலர். கூகிள் கடையில் ஒரே தடவை 25 டாலர். ஆண்ட்ராய்டு போன் செய்கிறவர்கள் பலர். திரை ஒன்று அகலம், ஒன்று குறுகல். அத்தனைக்கும் சட்டை தைக்க வேண்டும். ஐபோன் செய்கிறவர் ஒருவர்தான். ஆனால் அவர் வாசலில் பரிசோதனை கடுமை. ஒரே தடவை எழுதி இரண்டிலும் ஓட்டுவதற்குக் கருவிகள் வந்திருப்பது வாஸ்தவம். "இருந்தாலும் இரண்டிலும் சோதித்துப் பார்க்காமல் விட முடியுமா, சார்?" என்கிறான் பிள்ளையாண்டான்.

இரண்டு தடவை செய்ய வேண்டிய வேலையில் எதை முதலில் செய்வது? இங்கேதான் விஷயம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. இன்ஸ்டகிராம் 2010-ல் ஐபோனுக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் 2012 வரை காத்திருந்தார்கள். பணம் இருக்கும் பையைப் பார்த்துக் கடை விரிப்பது வியாபார தர்மம். ஆனால் 2015 ஏப்ரலில், எழும்பூர்-தாம்பரம் மார்க்கத்தில், காகிதமில்லாத டிக்கெட்டை ரெயில்வே கைப்பேசியில் கொடுக்கத் தொடங்கியபோது நடந்தது நேர்மாறு. ஆண்ட்ராய்டுக்காரர்கள் முதலில் டிக்கெட் எடுத்தார்கள். ஐபோன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ரெயில்வேக்கு வேண்டியது கவுண்ட்டரில் கூட்டம் குறைவது. கூட்டத்தின் கையில் இருந்தது ஆண்ட்ராய்டு. அரை லட்சம் ரூபாய் போனைப் பையில் வைத்துக்கொண்டு கனவான்கள் ஐந்து ரூபாய்ச் சீட்டுக்காகக் கால் கடுக்க நின்ற காட்சியை எழுத்தாளன் ரசிக்காமல் இருக்க முடியுமா? 2025 ஜூலையில் வந்த ரெயில்ஒன் செயலி இரு சாராருக்கும் பொதுவாகவே வந்தது.

எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. ஆரம்ப கால ஆண்ட்ராய்டில் தமிழ் சரியாக விழாது. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறும். சில போன்களில் வெறும் கட்டங்கள்தாம். ஆனால் பிறர் செய்த விசைப்பலகையைப் பொருத்திக்கொள்ள அங்கே இடம் இருந்தது. ஐபோனில் எழுத்து முன்னதாகவே ஒழுங்குபட்டது. விசைப்பலகையோ அவர்கள் கொடுத்ததுதான். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தில் எழுதுகிறவர், ஐபோனில் அந்தச் செயலிக்குள் எழுதி, நகல் எடுத்து, வேறிடத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். ஒரு வீட்டில் வாசல் திறந்திருந்தது, தளம் போடவில்லை. மற்ற வீட்டில் தளம் பளபளத்தது, கதவு பூட்டியிருந்தது. 2013-ல் ஆப்பிள் தானே தமிழ் விசைப்பலகை வைத்தது. 2014-ல் பிறர் விசைப்பலகைக்கும் கதவைத் திறந்தது. ஆண்ட்ராய்டும் தன் தளத்தைச் சீர்திருத்திக்கொண்டது. போட்டி இல்லாவிட்டால் இவ்வளவும் இத்தனை சீக்கிரம் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனால் போட்டியாளர் இருவருமே சேர்ந்து மறந்துபோகிற ஆள் ஒருவர் இருக்கிறார். எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள். கணவர் காலமாகிச் சில மாதங்கள் கழித்து, வெளிநாட்டிலுள்ள மகன் புதுப் போன் அனுப்பினான். பழையது ஒரு குலம், புதியது மற்றக் குலம். படங்கள் வந்து சேர்ந்தன. கணவர் அனுப்பியிருந்த குரல் செய்திகள் வரவில்லை. அதிலே பெரிதாக ஒன்றுமில்லை. 'மாத்திரை போட்டாயா?', 'கீரை வாங்கி வரட்டுமா?' இவ்வளவுதான். "கடைக்காரப் பையன், அது வேறே, இது வேறே அம்மா, வராது என்கிறான். அவர் குரல் எப்படித் தம்பி வேறேயாகும்?" என்று என்னைக் கேட்டார். இன்று அந்த மாதிரிச் செய்திகளை மாற்றவும் வழி வந்துவிட்டது. அந்த அம்மாள் துணியவில்லை. இரவில் இரண்டு போனையும் மின்சாரத்தில் செருகிவிட்டுத்தான் படுக்கிறார்.

ரெயிலைப் போலக் கைப்பேசிக்கும் ஒரே பாதை வைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். ரெயில் பாதை சர்க்காருடையது. அதன் குறையைச் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் கேட்கலாம். கைப்பேசியில் ஒரே பாதை என்றால் ஒரே முதலாளி. ஆகையால் இரண்டு இருக்கட்டும். மூன்றாவது வந்தாலும் நல்லதே. நான் கேட்பது அதைவிடச் சிறிய விஷயம். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறுகிறவன் தன் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் காலத்தில் சென்ட்ரலில் இறங்கியவனுக்கு அலைச்சல் இருந்தது, கூலி இருந்தது. ஆனால், 'உன் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போ' என்று எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் சொன்னதில்லை.