சகோதரிகள் சென்ற சாலை

மனிதர்கள் பிரயாணம் போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. காசிக்குப் போகிறவர்கள் புண்ணியத்துக்காகப் போகிறார்கள். குற்றாலத்துக்குப் போகிறவர்கள் அருவிக்காகப் போகிறார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் வக்கீல் வரச் சொன்னதற்காகப் போகிறார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்களோ, போகாமல் இருக்க முடியாது என்பதற்காகப் போகிறார்கள். ஆனால், "எங்களால் போக முடியும்" என்று ஒரு சர்க்காருக்கு நிரூபித்துக் காட்டுவதற்காகவே இரண்டு பெண்மணிகள் ஒரு பெரிய தேசத்தின் கீழ்க் கடற்கரையிலிருந்து மேலைக் கடற்கரை வரையில் பிரயாணம் செய்தார்கள் என்றால், அது சற்று அபூர்வமான சங்கதிதான். அதுவும் ரயிலில் அல்ல. மோட்டார் காரிலும் அல்ல. ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில்!

தேசம் அமெரிக்கா, வருஷம் 1916. அக்காளின் பெயர் அகஸ்டா வான் பியூரன். தங்கையின் பெயர் அடலின் வான் பியூரன். அமெரிக்காவின் எட்டாவது ஜனாதிபதியாயிருந்த மார்ட்டின் வான் பியூரனின் வம்சத்தில் வந்தவர்கள். "ஜனாதிபதியின் குலத்தில் பிறந்த பெண்களுக்கு இந்தப் புழுதியும் சேறும் என்னத்திற்கு?" என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் கேட்டிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்போது ஐரோப்பாவில் மகா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் அதில் இறங்கவில்லை. ஆனால், இன்றில்லாவிட்டாலும் நாளை இறங்கத்தான் வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே தயாராக வேண்டும் என்று ஓர் இயக்கம் அங்கே பலமாக நடந்து வந்தது. சகோதரிகள் இருவரும் அதில் ஈடுபட்டிருந்தார்கள். யுத்த களத்தில் ஒரு படையிலிருந்து மற்றொரு படைக்குக் கடிதங்களையும் உத்தரவுகளையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை ஒன்று உண்டு. அந்த வேலையைப் பெண்கள் ஏற்றுக்கொண்டால் அத்தனை ஆண்களும் போர்முனைக்குப் போகலாம் அல்லவா? இது அவர்களுடைய வாதம்.

இதற்குப் பின்னால் இன்னொரு வாதமும் மறைந்திருந்தது. அமெரிக்காவின் பெரும் பகுதியில் அன்று பெண்களுக்கு வோட்டு இல்லை. "யுத்தத்தில் பங்கெடுக்க முடியாதவர்களுக்கு ராஜ்ய விவகாரத்தில் என்ன பங்கு?" என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு மேடையில் நின்று பதில் சொன்னவர்கள் பலர். வான் பியூரன் சகோதரிகள் சாலையில் போய்ப் பதில் சொல்லப் புறப்பட்டார்கள்.

சாலை என்னும் பெயர்

அமெரிக்கா என்றதும் நமக்குக் கண்ணாடி போன்ற சாலைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. 1916-ல் கதை வேறு. தேசத்தின் இரு கரைகளையும் இணைப்பதற்கென்று லிங்கன் நெடுஞ்சாலை என்று ஒன்று 1913-ல் ஏற்பட்டிருந்தது. நியூயார்க்கிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ வரையில் 3,389 மைல். பெயர் என்னவோ பெரிய பெயர்தான். ஆனால் மிஸிஸிப்பி நதியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மண் பாதை. மழை பெய்தால் அதுவும் போய்ச் சேறுதான் மிஞ்சும்.

அந்தச் சாலையில் போகிறவர்களுக்காக 1916-ல் வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகத்தில் சில அருமையான யோசனைகள் இருந்தன. குறுக்கே தண்ணீர் ஓடினால் முதலில் இறங்கி நடந்து ஆழம் பார்த்துவிட்டு அப்புறம் வண்டியை விடவேண்டும். ஓமஹா நகரத்துக்கு மேற்கே போகிறவர்கள் கூடாரச் சாமான்களை எடுத்துச் செல்லவேண்டும். புதுப் பாதரட்சைகள் உதவா. இவ்வளவையும் அநுசரித்தால் மோட்டார் காரில் இருபது முதல் முப்பது நாட்களுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாமாம்!

சகோதரிகள் ஏறிச் சென்றவை ‘இந்தியன்' என்ற கம்பெனியார் செய்த ‘பவர்பிளஸ்' வண்டிகள். இந்தப் பெயரைக் கண்டு நம்முடைய நாட்டுத் தொழில் என்று யாரும் மார்தட்டிக் கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் பூர்வ குடிகளை வைத்து இட்ட பெயர் அது. 1,000 ஸி.ஸி. எஞ்சின், கியாஸில் எரியும் முன் விளக்கு. எடை சுமார் 400 பவுண்டு. சேற்றில் ஒரு முறை சாய்ந்துவிட்டால் அதைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

முந்திய வருஷம், அதாவது 1915-ல், எஃபி ஹாட்ச்கிஸ் என்னும் பெண் தன் தாயாரைப் பக்கத்தில் ‘ஸைடு கார்' என்னும் தொட்டியில் உட்கார வைத்துக்கொண்டு இவ்விதம் தேசத்தைக் கடந்திருந்தாள். ஆனால் இரண்டு பெண்கள் தனித்தனி வண்டியில், தொட்டியின் துணையில்லாமல் போனது இதுவே முதல் தடவை.

புறப்பாடு

1916-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி. அமெரிக்காவின் சுதந்திர தினம். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஷீப்ஸ்ஹெட் பே பந்தய மைதானத்திலிருந்து வண்டிகள் கிளம்பின.

இவர்கள் வழியில் இருந்தபோது, ஜூலை 11-ந் தேதியன்று, வாஷிங்டனில் ஜனாதிபதி வில்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சாலைகள் போடுவதற்கு மத்திய சர்க்கார் ஐந்து வருஷத்தில் 7½ கோடி டாலர் உதவ வேண்டும் என்பது அந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பணம் கல்லாகவும் மண்ணாகவும் மாறுகிற வரையில் இவர்கள் காத்திருக்கவில்லை.

சிக்காகோவுக்கு அப்பால் மழை வந்தது. மழையைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்றும் வந்தது. அதுதான் போலீஸ்! சகோதரிகள் தோலினால் தைத்த காற்சட்டையும், ராணுவத்தார் அணிவது போன்ற கால் உறையும் அணிந்திருந்தார்கள். பாவாடை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினால் அது சக்கரத்தில் சிக்கி என்ன ஆகும் என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். சட்டம் ஓட்டுகிறவர்களைக் கேட்டுச் செய்யப்பட்டதல்லவே? சின்னஞ்சிறு ஊர்களில் அவர்களைப் பல முறை பிடித்து நிறுத்தினார்கள். குற்றம், அதி வேகமாகப் போனதல்ல. ஆண்களின் உடையை அணிந்ததுதான்!

நெடுந்தூர யாத்திரையின் முதல் பாடம் இங்கே வருகிறது. சேற்றைக் கண்டு கோபித்துக் கொண்டால் சேறு உலர்ந்துவிடாது. மூடத்தனமும் அப்படியே. இரண்டையும் தாண்டிப் போவதற்கு ஒரே உபாயம், நிதானமாக நின்று, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பதில் சொல்லிவிட்டு, மறுபடியும் வண்டியைக் கிளப்புவதுதான். கோபத்தில் செலவாகிற சக்தி மறுநாள் மலையேற்றத்துக்கு வேண்டியிருக்கிறது.

மலையும் மணலும்

கொலராடோ மாகாணத்தில் பைக்ஸ் பீக் என்று ஒரு சிகரம் இருக்கிறது. அந்நாளைய கணக்குப்படி 14,109 அடி உயரம். 1893-ல் காதரின் லீ பேட்ஸ் என்னும் ஆசிரியை வண்டியில் இதன் உச்சிக்குச் சென்று, அங்கிருந்து கண்ட காட்சியில் மெய்மறந்து, பின்னால் தேசமெல்லாம் பாடுகிற ஒரு தேசபக்திக் கீதத்தை இயற்றினார். இருபத்துமூன்று வருஷங்களுக்குப் பிறகு வான் பியூரன் சகோதரிகள் அதே உச்சிக்குப் போனார்கள். மோட்டார் வாகனம் எதையேனும் தாங்களே ஓட்டிக்கொண்டு அந்தச் சிகரத்தை எட்டிய முதல் பெண்கள் அவர்கள்தான்.

அந்த உயரத்தில் காற்று மிகவும் லேசாகிவிடுகிறது. கடல் மட்டத்தில் கிடைக்கிற பிராணவாயுவில் சுமார் ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே கிடைக்கும். மனிதனுக்கு மூச்சு வாங்குவது போலவே எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். காற்றுக் குறைவதால் பெட்ரோல் சரியாக எரிவதில்லை. பலம் பாதிக்குச் சற்று மேலாகக் குறைந்து நிற்கும். வளைவுக்கு வளைவு ஓரத்தில் அதல பாதாளம். அத்தகைய பாதையில் வேகம் உதவாது. வலிமைகூட அவ்வளவாக உதவாது. "இந்த ஒரு வளைவு, அப்புறம் அடுத்த வளைவு" என்று மனத்தை ஒரு முழத்துக்குள் அடக்கி வைத்துக்கொள்ளும் பொறுமைதான் உதவும்.

மலைகளைக் கடக்கும்போது கில்மன் என்ற சுரங்க ஊருக்கு மேற்கே பெருமழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் சேற்றில் அழுந்திவிட்டன. நனைந்து விறைத்துப்போன இருவரும் நடந்தே ஊரை அடைந்தார்கள். உடம்பெல்லாம் சேறாக வந்து நின்ற இரண்டு பெண்களைக் கண்டு சுரங்கத் தொழிலாளிகள் திகைத்தார்கள். ஆயினும், "இது என்ன உடை?" என்று யாரும் விசாரணை நடத்தவில்லை, உணவும் ஓய்வும் அளித்தார்கள். சுரங்கக் கழிவின் நச்சினால் 1984-ல் அந்த ஊரே காலி செய்யப்பட்டது. மலைச் சரிவில் வெறும் வீடுகள் நிற்க, ஜனமில்லாத ஊராகிவிட்டது. சட்டம் தெரிந்த ஊர்களில் கிடைக்காத உபசாரம் ஒரு காலத்தில் அங்கே கிடைத்தது.

மழைக்குப் பிறகு பாலைவனம். யூட்டா மாகாணத்தில் ஸால்ட் லேக் நகரத்துக்கு மேற்கே, ஒரு காலத்தில் பெரிய ஏரியாயிருந்து வற்றிப்போன பிரதேசம் பரந்து கிடக்கிறது. உப்பும் மணலும் தவிர வேறொன்றும் கிடையாது. நகரத்திலிருந்து சுமார் 100 மைல் தாண்டிய பிறகு காற்றடித்த மணலில் பாதை அடியோடு மறைந்து போயிற்று. எந்தத் திக்கில் போவது என்று தெரியவில்லை. கையிலிருந்த தண்ணீரும் தீர்ந்துகொண்டே வந்தது. அந்தச் சமயத்தில், தாதுப் பொருள்களைத் தேடி அலைகிற ஒருவன் சாமான்களுடன் அவ்வழியே வந்து சேர்ந்தான். அவனிடம் தண்ணீர் இருந்தது, வழியும் தெரிந்திருந்தது.

சுயபலத்தை நிரூபிக்கப் புறப்பட்ட பிரயாணத்தில், உயிரையே அன்னியன் ஒருவன் காப்பாற்றும்படி நேர்ந்தது. இதை ஒரு குறையாகச் சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மைல் கணக்கில் தனியாகப் போகிறவர்களுக்குத்தான் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேண்டியவர்கள் என்பது நன்றாகத் தெரிகிறது. வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருக்கிறவருக்கு ஒரு செம்பு தண்ணீரின் பெருமை எப்படித் தெரியும்?

முடிவில் கிடைத்தது

செப்டம்பர் 2-ந் தேதி, புறப்பட்ட அறுபதாம் நாள், ஸான் பிரான்ஸிஸ்கோவை அடைந்தார்கள். 8-ந் தேதி லாஸ் ஏஞ்ஜலஸ். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எல்லையைப் பார்க்காமல் போவானேன் என்று மெக்ஸிகோவின் டிஹுவானா வரையில் போய்விட்டே நின்றார்கள். மொத்தம் சுமார் 5,500 மைல்.

பத்திரிகைகள் என்ன எழுதின? வண்டியைப் புகழ்ந்து எழுதின. ஓட்டியவர்கள் ஏதோ விடுமுறையில் உல்லாசமாகப் போய்வந்தது போல எழுதின. வீட்டு வேலையிலிருந்து தப்பிப்பதற்கும் உடை அலங்காரத்தைக் காட்டிக் கொள்வதற்கும் தேச பாதுகாப்பு நல்ல சாக்காகக் கிடைத்தது என்று பரிகாசம் செய்த பத்திரிகையும் உண்டு.

சர்க்கார் என்ன சொல்லிற்று? 1917 ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. இந்தியன் கம்பெனியார் பவர்பிளஸ் வண்டிகளை ஆயிரக்கணக்கில் ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். ராணுவம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டது. கடிதம் கொண்டுபோகும் வேலைக்குத் தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி சகோதரிகள் செய்துகொண்ட விண்ணப்பம் மாத்திரம் நிராகரிக்கப்பட்டது. தேசத்தைக் கடந்த வண்டிக்கு ராணுவத்தில் இடம் கிடைத்தது; வண்டியைக் கடத்திய கைகளுக்கு இடம் கிடைக்கவில்லை!

அப்படியானால் 5,500 மைலும் வீண்தானா? அவர்களுடைய பிற்கால வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. ஆசிரியையாயிருந்த தங்கை அடலின், நியூயார்க் சர்வகலாசாலையில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். உடைக்காகத் தன்னைப் பிடித்து நிறுத்திய சட்டத்தை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாரோ, என்னவோ! அக்காள் அகஸ்டா, சாலைகள் போதாவென்று ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1929-ல் பெண் விமானிகள் 99 பேர் சேர்ந்து தொடங்கிய ‘தொண்ணூற்றொன்பதின்மர்' சங்கத்தில் அவரும் அங்கத்தினராயிருந்தார். இடையில், 1920-ல், அமெரிக்கா முழுவதிலும் பெண்களுக்கு வோட்டுரிமை வந்துவிட்டது.

மோட்டார் சைக்கிள் நெடும் பிரயாணத்துக்கென்றே இப்போது அமெரிக்காவில் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் பெயரைக் குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் அப்படியே மொழிபெயர்க்க இயலாது; ‘இரும்பு ஆசனச் சங்கம்' என்று மரியாதையாகச் சொல்லிவைக்கிறேன். 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல் ஓட்டி, வழியில் பெட்ரோல் போட்ட ரசீதுகளைச் சாட்சியத்துடன் அனுப்பி வைத்தால் அத்தாட்சிப் பத்திரம் தருகிறார்கள். 1984-ல் தொடங்கிய அவர்களுடைய பெரிய போட்டியில் 11 நாட்களில் சுமார் 11,000 மைல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நல்லதுதான்.

வான் பியூரன் சகோதரிகளுக்கும் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தார் கீர்த்தி மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். எப்போது? 2002-ல்! 2016-ல் நூறாவது ஆண்டு நிறைவுக்காகப் பெண்கள் பலர் கூட்டமாகப் புரூக்ளினிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ வரையில் மோட்டார் சைக்கிளில் போய்வந்தார்கள். கேட்ட அத்தாட்சி அவர்கள் இருவரும் கண்மூடி எத்தனையோ காலத்துக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் அதற்காக அவர்கள் வாழ்க்கை காத்துக்கொண்டிருக்கவில்லை. ராணுவம் ஒரு வேலையைத்தான் மறுக்க முடிந்தது. பாதை மறைந்த மணலில் நின்று பதறாமல் யோசித்த மனத்தை எந்த அதிகாரியும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.

நேயர்களின் வீட்டுப் பெண் ஒருத்தி நாளைக் காலையில் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு, "வெகு தூரம் போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லக்கூடும். "எதற்கு?" என்று கேட்பது பெரியவர்களின் வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே, "தண்ணீர் எடுத்துக் கொண்டாயா, அம்மா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.