படிக்காமல் பாஸானவனா லூகா ப்ரெசல்?

எல்லா வகுப்பிலும் ஒருத்தன் இருப்பான். சோதனைக்கு முதல்நாள் பின்னேரம் கிரிக்கெட் விளையாடிவிட்டு வந்து, "நான் ஒண்டும் படிக்கேல்லயடா" என்பான். றிசல்ட் வரும்போது எங்களுக்கு மேலே நிற்பான். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூகா ப்ரெசல் 2023 மே முதலாம் திகதி உலக ஸ்னூக்கர் சம்பியனானபோது, உலகம் அவரை இப்படியான ஒருத்தனாகத்தான் கொண்டாடியது. அதற்கு அவரே காரணம். பயிற்சி எடுக்கவேயில்லை, போட்டிகளுக்கு இடையில் ஊருக்குப் போய் விடியும்வரை நண்பர்களோடு குடித்துக் கொண்டாடினேன், இரவிரவாக பீஃபா கேம் விளையாடினேன் என்றெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

எங்களுக்கும் இந்தக் கதை பிடித்திருக்கிறது. விடியக் காலமை ரியூஷன், பின்னேரம் ரியூஷன், சனி ஞாயிறும் ரியூஷன் என்று வளர்ந்த ஆக்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஆனால் அவர் கடந்துவந்த வருடங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், இந்தக் கதைக்குள் அடங்காத விசயங்கள் நிறையக் கிடக்கின்றன.

முதலில் விளையாட்டைப் பற்றி ரெண்டு வார்த்தை. கரம் விளையாடினவர்களுக்குச் சொன்னால் லேசாக விளங்கும். கரமில் ஸ்ரைக்கரை எடுத்து எங்கட கோட்டில் விரும்பின இடத்தில் வைத்து அடிக்கலாம். ஸ்னூக்கரில் அந்தச் சலுகை இல்லை. வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. அதனால் பந்தைக் குழியில் போடுவது பாதி வேலை. போட்ட பிறகு வெள்ளை எங்கே நிற்க வேணும் என்பது மீதிப் பாதி. பிழை விட்டால் போய்க் கதிரையில் இருக்க வேண்டியதுதான். மற்றவர் பிழை விடும்வரை ஒன்றும் செய்ய ஏலாது. தோற்பவர் தன் தோல்வியை இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு இது.

பெல்ஜியத்துக்கு மேசையும் பந்தும் புதிதல்ல. உலகப் போட்டிகளில் உருளும் அரமித் பந்துகள் அங்கேதான் செய்யப்படுகின்றன. குழியே இல்லாத மேசையில் விளையாடும் கரம்போல் பில்லியர்ட்ஸில், ரேமொன் கூலெமான்ஸ் என்ற பெல்ஜியர் இருபதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்றிருக்கிறார். ஆனால் ஸ்னூக்கர் பிரித்தானியர்களின் கோட்டை. உலகப் போட்டி 1977இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து க்ரூசிபிள் அரங்குக்கு வந்த பிறகு, ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியிலிருந்து மூன்றே பேர்தான் வென்றிருந்தார்கள்: கனடாவின் தோர்பேர்ன், அயர்லாந்தின் டொஹெர்ட்டி, அவுஸ்திரேலியாவின் ரொபேர்ட்சன். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து ஒருவரும் இல்லை.

ப்ரெசல் 1995இல் பிறந்தவர். 14 வயதிலேயே ஐரோப்பாவின் 19 வயதுக்குட்பட்டோர் சம்பியன். 2012இல் க்ரூசிபிளுக்குள் கால் வைத்தபோது வயது 17 வருடமும் 45 நாளும். பிற்காலத்தில் ஏழு தடவை உலக சம்பியனான ஸ்டீவன் ஹென்ட்ரியின் வயதுச் சாதனையை அது முறியடித்தது. அடுத்த ஹென்ட்ரி, அடுத்த அது இது என்று எல்லாரும் எழுதினார்கள். முதல் சுற்றிலேயே 5–10 என்று தோற்றார்.

திரும்ப அந்த மேசைக்கு வர அவருக்கு ஐந்து வருடம் எடுத்தது. 2017இல் மார்கோ ஃபூவுக்கு எதிராக 7–1 என்று முன்னால் நின்று, 9–10 என்று தோற்றார். (இதை நேரடியாகப் பார்த்த பெல்ஜியக்காரருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கியிருக்காது.) அதே வருடம் சீனாவில் தன் முதலாவது தரவரிசைப் பட்டத்தை வென்றார். ஆனால் க்ரூசிபிள் விடவில்லை. 2018இல் ரிக்கி வோல்டனிடம் தோல்வி. 2019இல் கரி வில்சனிடம் மீண்டும் 9–10. அந்தப் போட்டியின் ஒரு பிரேம் மட்டும் 79 நிமிடம் இழுத்தது. 2022இல் நொப்பொன் சங்காமிடம் தோல்வி. மொத்தம் ஐந்து தடவை போய், ஐந்து தடவையும் முதல் சுற்றோடு வீடு.

பயிற்சி இல்லாமல் வென்றவர் என்று சொல்லும்போது இந்தப் பதினொரு வருடத்தை எங்கே வைப்பது? சிறுவயதிலிருந்து கையில் ஏறிய ஓர்மம் ஒரு மாதம் கூத்தடித்தால் இறங்கிவிடாது. அவர் ஷெஃபீல்டுக்குக் கொண்டுபோகாமல் விட்டது பயிற்சியை அல்ல, பயத்தை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. ஐந்து முறை தோற்ற இடத்தில் ஆறாவது முறையும் தோற்றால் என்ன குறைந்துவிடப் போகுது?

அந்த மனநிலை ஆட்டத்தில் தெரிந்தது. முதல் சுற்றில் அதே வோல்டன். 10–9 என்று மயிரிழையில் தப்பினார். அடுத்து மார்க் வில்லியம்ஸ், 13–11. கால் இறுதியில் ரொனி ஓ'சலிவன் 10–6 என்று முன்னால் நின்றார். அதற்குப் பிறகு ரொனிக்கு ஒரு பிரேம்கூடக் கிடைக்கவில்லை. ப்ரெசல் தொடர்ந்து ஏழு பிரேமை எடுத்து 13–10 என்று முடித்தார். மற்ற ஆக்கள் நின்று யோசித்துப் பாதுகாப்பாக விளையாடும் இடங்களில், தூரத்துச் சிவப்புப் பந்தை நேரே அடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அரையிறுதிதான் உச்சம். எதிரில் சீனாவின் சி ஜியாஹுயி, வயது 20, க்ரூசிபிளில் முதல் தடவை. முதலில் 17 பிரேம் எடுப்பவருக்கு வெற்றி. சி 14–5 என்று நின்றார். மற்றவர்கள் என்றால் ஹோட்டல் அறையில் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள். ப்ரெசல் தொடர்ச்சியாக பதினொரு பிரேம்களை வென்றார். கடைசியில் 17–15. க்ரூசிபிள் வரலாற்றில் அதைவிடப் பெரிய மீள்வருகை அதுவரை இருந்ததில்லை.

இறுதியில் மார்க் செல்பி, நாலு தடவை சம்பியன். அந்தப் போட்டியில் செல்பி 147ம் அடித்தார். க்ரூசிபிள் இறுதியாட்டம் ஒன்றில் அதுவே முதலாவது. கடைசி நாள் ப்ரெசல் 16–10 என்று போய், பிறகு செல்பி ஒன்று ஒன்றாகப் பிடித்து 16–15க்கு வந்தார். 2017இல் ஃபூவுக்கு எதிராக நடந்தது திரும்ப நடக்கப்போகுது என்று தோன்றிய இடம் அது. இந்த முறை நடக்கவில்லை. 18–15. பரிசு ஐந்து இலட்சம் பவுண்ஸ். வயது 28.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அவரில் கூடுதல் ஈடுபாடு வருகிறது. சம்பியனான பிறகு பழைய மாதிரி "தோற்றால் என்ன" என்று போய் நிற்க ஏலாதே. போகிற இடமெல்லாம் உலக சம்பியன் என்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். க்ரூசிபிளில் முதல் தடவை பட்டம் வென்ற எவரும் அடுத்த வருடம் அதைக் காப்பாற்றியதில்லை என்று ஒரு பழைய கணக்கு இருந்தது. சாபம் என்றே அதற்குப் பேர். 2024 ஏப்ரலில், தகுதிச் சுற்றால் வந்த டேவிட் கில்பேர்ட்டுக்கு எதிராக 9–6 என்று முன்னால் நின்ற ப்ரெசலுக்கு ஒரே ஒரு பிரேம்தான் தேவைப்பட்டது. அது வரவில்லை. 9–10. திரும்பவும் முதல் சுற்று.

2025இல் பழைய ப்ரெசலைக் கொஞ்ச நேரம் பார்க்கக் கிடைத்தது. டிங் ஜுன்ஹுயியை 13–4 என்று அடித்துவிட்டு, கால் இறுதியில் ஜட் ட்ரம்பிடம் 8–13 என்று தோற்றார். திறமையை வீணாக்குகிறார் என்று கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கோபம் இல்லை. எத்தனையோ பெரிய ஆட்டக்காரர் அந்தக் கிண்ணத்தை ஒருக்காலும் தொட்டதில்லை.

நேரம் கிடைத்தால் யூரியூப்பில் அந்த அரையிறுதியை 20ஆவது பிரேமிலிருந்து பாருங்கள். ப்ரெசலை மட்டுமில்லை, மற்றப் பக்கத்துக் கதிரையில் தண்ணீர்க் கிளாசோடு இருக்கிற அந்த 20 வயதுப் பெடியனையும் பாருங்கள்.