பிறக்காத கன்றுகளின் வம்சாவளி

"ஊசி போட்டாச்சு, சினை நிக்கல." கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. தீவனம், வெயில், பருவம் பார்த்த நேரம், ஊசி போட்டவரின் கைராசி என்று பழி எங்கெங்கோ போகும். காளையை யாரும் குறை சொல்வதில்லை. அதை யாரும் பார்த்ததே இல்லையே! அந்தப் பார்க்காத காளையைப் பற்றித்தான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் போய் நின்றது.

1962-ல் அங்கே பிறந்தது பாவ்னி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை. அதன் மகள்கள் பால் கொட்டினார்கள். உறைவிந்து வந்துவிட்ட காலம் அது. காளை கண்ணை மூடினாலும் வம்சம் வளரும். மகள்கள் 16,000, பேத்திகள் 5 லட்சம், கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல். அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 14 விழுக்காடு இந்த ஒரு காளையிடமிருந்து வந்தது என்று படித்தபோது, ஒரு நாட்டின் மாட்டுக்கூட்டம் இவ்வளவு நெருங்கிய சொந்தமா என்று திகைப்பாக இருந்தது.

சிக்கல் வெளிப்பட்டது 2011-ல். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் பால் வான்ரேடனும் அவருடைய குழுவினரும் 58,000-க்கும் மேற்பட்ட ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபணுத் தரவுகளை அலசினார்கள். எந்த மாட்டுக்கும் தாய்வழியாக ஒரு பிரதி, தந்தைவழியாக ஒரு பிரதி. ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டு பல மாடுகளில் ஒற்றையாக இருந்தது. அப்படியானால் சில மாடுகளிலாவது அது இரட்டையாக இருந்தாக வேண்டும். ஒன்றில்கூட இல்லை. இரட்டையாகப் பெற்றவை எல்லாம் கருவிலேயே மடிந்திருந்தன. நோயாளியே இல்லாமல் நோயைக் கண்டுபிடித்த இந்த ஆய்வைப் போலச் சாமர்த்தியமான ஒன்றை நான் அதிகம் படித்ததில்லை. துண்டுக்கு எச்எச்1 என்று பெயரிட்டு வம்சாவளியில் பின்னோக்கிப் போனார்கள். வழி சீஃபிடம் முடிந்தது.

மரபணு எது என்பது 2016-ல் தெரியவந்தது: ஏபிஏஎஃப்1. கரு உருவாகும்போது வேண்டாத செல்கள் உரிய நேரத்தில் மடிய வேண்டும்; அந்த வேலையில் பங்குள்ள புரதத்துக்கான மரபணு இது. சீஃபிடம் இருந்த பிரதியில் ஒரே ஒரு எழுத்துப் பிழை, புரதத்தைப் பாதியிலேயே முறித்துவிடுகிறது. ஒற்றைப் பிரதி உள்ள மாட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் கருக்களில் நான்கில் ஒன்று இரட்டைப் பிரதி பெற்று அழியும். செத்த கன்று கண்ணில் படாததால் விவசாயி அடுத்த ஊசிக்குத் தயாராவார். இப்படி உலகெங்கும் அழிந்த கருக்கள் சுமார் 5,25,000, இழப்பு 42 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். சீஃபின் மரபால் கூடிய பாலின் மதிப்போ 3,000 கோடி டாலராம்!

ஆகவே காளையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இத்தகைய ஊமைப் பிழைகள் எந்த உயிரிலும் இருக்கும். ஒரே காளையின் விந்தை ஊர் ஊராக ஊற்றி, அதன் வாரிசுகளையே ஒன்றோடொன்று சேர்த்தது மனிதர்கள். வட அமெரிக்காவில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் காளைகளின் ஆண்வழியைத் தேடிய பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், அநேகமாக அத்தனையும் இரண்டே காளைகளில் முடிவதைக் கண்டார்கள். ஒன்று சீஃப், மற்றொன்று 1965-ல் பிறந்த எலிவேஷன்.

நம் சமவெளியில் ஜெர்சி கலப்பினம்தானே என்று விட்டுவிட முடியாது. ஜெர்சியிலும் இதே போன்ற ஒரு துண்டு, ஜேஎச்1, அதே 2011 ஆய்வில் சிக்கியது. அதற்காகச் சினை நிற்காத ஒவ்வொரு மாட்டுக்கும் மரபணுவைக் காரணம் காட்டுவதும் தவறு. பசுவின் கருத்தரிப்பில் பரம்பரையின் பங்கு சுமார் 4 விழுக்காடுதான். தீவனமும் பருவம் பார்ப்பதும் முன்னால் நிற்கின்றன.

உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட வருபவரிடம் அதைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிறக்கும் கிடேரி பருவத்துக்கு வரும்போது, அதே காளையின் குச்சி வந்தால் வேறு கேளுங்கள்.