செவ்வாய்க்கிழமை வான்கோழி

வான்கோழி என்றதும் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு வியாழக்கிழமை. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன், அதாவது தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நாள். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுவதும் கொண்டாட அழைப்பு விடுத்தார். 1941-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நான்காவது வியாழன் என்று சட்டமே போட்டுவிட்டது. அன்றைக்கு முழுப் பறவை ஓவனுக்குள் மணிக்கணக்காக வேகும். பக்கத்திலேயே வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, பூசணி இனிப்பு எல்லாம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள்தானே என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இங்கே சொல்லப்போவது அந்த வியாழக்கிழமையைப் பற்றி அல்ல. பிப்ரவரியில் வரும் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி. கணவனும் மனைவியும் வேலை முடிந்து ஆறரை மணிக்கு வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகளுக்குப் பசி. கையில் இருப்பது முக்கால் மணி நேரம். கணவனுக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது, மாட்டுக்கறியைக் குறையுங்கள் என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். அந்த வீடுகளின் ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் ஒரு பொட்டலம் இருக்கும். அதுதான் அரைத்த வான்கோழிக் கறி, நம் ஊர்ப் பாஷையில் கைமா.

வியாழனிலிருந்து செவ்வாய்க்கு

பண்டிகைப் பறவை வார நாளுக்கு வந்தது ஒரே நாளில் நடந்ததல்ல. 1954 வாக்கில் ஸ்வான்சன் நிறுவனம் அலுமினியத் தட்டில் உறையவைத்து விற்ற ‘டிவி டின்னர்’ புகழ்பெற்றது. அதில் இருந்தது வான்கோழிதான். சூடாக்கினால் போதும், சாப்பிட்டுவிடலாம். பிறகு நிறுவனங்கள் பறவையைத் துண்டு துண்டாக, நெஞ்சுக்கறி தனி, தொடைக்கறி தனி, கைமா தனி என்று விற்கத் தொடங்கின. 1970-இல் ஓர் அமெரிக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 பவுண்டு என்றிருந்த வான்கோழிப் பயன்பாடு 1990-களில் 18 பவுண்டு அளவுக்கு உயர்ந்தது. பின்னர் இறங்கி, 2020-களின் தொடக்கத்தில் 15 பவுண்டை ஒட்டி நின்றது. (ஒரு பவுண்டு என்பது 454 கிராம்.)

இதில் ஒரு வியாபாரத் தந்திரமும் உண்டு. நவம்பரில் பல சூப்பர் மார்க்கெட்டுகள் முழு வான்கோழியை அடக்க விலைக்கும் கீழே விற்கும். அதை வாங்க வருபவர் மற்ற சாமான்களையும் அங்கேயே வாங்குவார், லாபம் அதில் வந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் அந்த மலிவுப் பறவை செவ்வாய்க்கிழமைக்கு உதவாது. உறைந்த பறவை ஃப்ரிட்ஜுக்குள் உருக, ஒவ்வொரு 4 அல்லது 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் ஆகும். 12 பவுண்டுப் பறவை என்றால் மூன்று நாள்! எனவே வேலை நாளில் கைகொடுப்பது பொட்டலக் கறிதான்.

பொட்டலத்தின் மேல் உள்ள எண்

டாக்டர் சொன்ன வீட்டில் முதல் நாள் என்ன நடக்கும்? மாட்டுக்கறி போடும் இடத்தில் வான்கோழியைப் போட்டு, மற்றதெல்லாம் பழையபடி செய்வார்கள். வெந்ததும் மரத்தூள் மாதிரி இருக்கும். பிள்ளைகள் தட்டை ஓரமாகத் தள்ளுவார்கள். ருசி வேண்டுமே என்று மேலே சீஸைத் தூவுவார்கள், வெண்ணெயைப் போடுவார்கள். மூன்றாவது வாரம் ‘இதற்குப் பழையதே தேவலை’ என்று மாட்டுக்கறிக்கே திரும்பிவிடுவார்கள். பத்தியம் முறிவது பெரும்பாலும் மன உறுதி இல்லாததால் அல்ல. சாப்பாடு வாயில் இறங்காததால்தான்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. சாதாரணமாக விற்கும் மாட்டுக் கைமாவில் 80/20 என்று போட்டிருக்கும். எடையில் 20 சதவீதம் கொழுப்பு என்று பொருள். ஒரு பவுண்டில் அது 91 கிராம். வான்கோழிப் பொட்டலத்தில் 93/7 என்று இருந்தால் 32 கிராம். மிச்சம் 59 கிராம். நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்குக் கிட்டத்தட்ட 15 கிராம் குறைகிறது. நல்ல லாபம்தான். ஆனால் மேலே ஒரு கப் செடார் சீஸ் தூவினால் சுமார் 37 கிராம் கொழுப்பு திரும்பி வருகிறது. இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் போட்டால் இன்னும் 23 கிராம். ஆக மொத்தம் 60. மிச்சம் பிடித்தது அத்தனையும் போயிற்று! ருசியும் இல்லை, பத்தியமும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. வான்கோழி என்ற பெயரைப் பார்த்து மட்டும் ஏமாறக் கூடாது. நெஞ்சுக்கறி மட்டும் என்று குறிப்பிடாத கைமாவில் தொடைக்கறியும் தோலும் சேர்ந்திருக்கலாம். 85/15 வான்கோழியில் பவுண்டுக்கு 68 கிராம் கொழுப்பு. 90/10 மாட்டுக்கறியில் 45 கிராம்தான். ஆகவே பார்க்க வேண்டியது பறவையின் படத்தை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணை. 99/1 என்றும் ஒன்று உண்டு. அதில் கொழுப்பு மிகக் குறைவு, ஆனால் கையாளத் தெரியாதவர்களிடம் மிக வேகமாக வறண்டு போவதும் அதுதான்.

ஏன் வறள்கிறது?

கறியில் பெரும்பகுதி தண்ணீர். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தாண்ட, தசையின் புரதங்கள் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல. மாட்டுக் கைமாவிலும் இதே கதைதான். ஆனால் அங்கே உருகிய கொழுப்பு இடையில் நின்று அந்த வறட்சியை மறைத்துவிடுகிறது. வான்கோழி நெஞ்சுக்கறியில் மறைக்க ஆள் இல்லை.

கோழி இனக் கறி எதுவானாலும் உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. அதற்குக் கீழே நிறுத்துவது ஆபத்து. அதற்கு மேலே போகப் போக ஈரம் நஷ்டம். நிறத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. வான்கோழி முழுக்க வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருப்பதுண்டு, வேகும் முன்பே பழுப்பாகிவிடுவதும் உண்டு. ஒரு சின்ன சமையல் தெர்மாமீட்டர்தான் சரியான வழி.

கொழுப்பை எடுத்துவிட்டால் மட்டும் சமையல் இலகுவாகிவிடாது. அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். கொழுப்புக்கு மூன்று வேலைகள். ஈரமாக இருப்பது போன்ற உணர்வைத் தருவது ஒன்று. மசாலாவின் வாசனையைக் கரைத்துச் சுமப்பது இரண்டாவது. ருசி நாக்கில் தங்க வைப்பது மூன்றாவது. இந்த மூன்று இடங்களுக்கும் ஆள் போட்டுவிட்டால், செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு தேறிவிடும்.

ஈரத்துக்குக் காய்கறி

பொடியாக நறுக்கி வதக்கிய காளான், துருவிய சுக்கினி, துருவிய வெங்காயம் இவற்றில் ஒன்றைக் கைமாவோடு பிசைந்தால், அவை வைத்திருக்கும் தண்ணீர் கறியைக் காப்பாற்றும். காளானில் இயற்கையாகவே குளூட்டமேட் இருப்பதால் கறியின் ருசியையும் தூக்கிக் கொடுக்கும். உருண்டை பிடிப்பதானால், ஒரு துண்டு ரொட்டியைக் கொஞ்சம் பாலில் ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். ரொட்டியின் மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் சுமார் இருபது நிமிடம் வைத்து, உள்சூடு சரியா என்று பார்த்து எடுத்து, தக்காளிச் சாஸில் போட்டால் போதும்.

நெஞ்சுக்கறித் துண்டுகளுக்கு உப்புதான் மருந்து. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பவுண்டுக்கு முக்கால் தேக்கரண்டி தூள் உப்பைத் தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், மாலைக்குள் உப்பு உள்ளே இறங்கி, புரதங்கள் தண்ணீரை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பொட்டலத்தில் உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது என்று எழுதியிருந்தால் இதைச் செய்யக் கூடாது, கரிக்கும்.

வாசனைக்கு ஒரே ஒரு கரண்டி எண்ணெய்

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 14 கிராம் கொழுப்பு. நான்கு பேருக்கு அது பெரிய செலவு அல்ல. அதைச் சரியான நேரத்தில் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான். பீன்ஸ் போட்ட வான்கோழி சில்லி என்னும் குழம்பை உதாரணமாகச் சொல்லலாம். அகலமான சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கைமாவைத் தட்டையாகப் பரப்பி, நான்கைந்து நிமிடம் கிளறாமல் விட வேண்டும். அடிப்பக்கம் பழுப்பானால்தான் வாசனை வரும். உடனே கிளறினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வெறுமனே வேகும். பிறகு உடைத்துவிட்டு வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் போட்டு வதக்கி, சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் ஆரிகானோவும் அந்த எண்ணெயிலேயே அரை நிமிடம் புரள வேண்டும். தண்ணீரில் கொட்டினால் அந்த மணம் வராது. அதன் பின் தக்காளி, டின்னில் வந்த கருப்பு பீன்ஸ், இருபது நிமிடக் கொதி. டின் பீன்ஸை நீரில் அலசிப் போட்டால் உப்பும் குறையும்.

ருசி நிற்கப் புளிப்பு

கொழுப்பில்லாத சாப்பாடு சப்பென்று இருப்பதாகத் தோன்றினால் பலரும் உப்பைத்தான் கூட்டுவார்கள். பல நேரம் தேவைப்படுவது புளிப்பு. மேலே சொன்ன சில்லியை இறக்கும்போது எலுமிச்சை பிழிந்து கொத்தமல்லி தூவினாலே ஆள் மாறிவிடும். நெஞ்சுக்கறித் துண்டுகளை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மெல்ல மாவு தூவி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் பொரித்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் அரை கப் சூப் நீரை ஊற்றி அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிக் கரைத்து, எலுமிச்சைச் சாறும் பார்ஸ்லியும் சேர்த்தால் அதுவே சாஸ். க்ரீமுக்கு வேலையே இல்லை. அடுப்பில் மொத்தம் பதினைந்து நிமிடம்.

அமெரிக்காவில் வாழும் பல தமிழ்க் குடும்பங்கள் இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலேயே செய்கின்றன. மாட்டுக்கறி ஆகாது, ஆட்டுக்கறிக்குத் தொலைவில் உள்ள கடைக்குப் போக வேண்டும், ஆனால் வான்கோழிக் கைமா பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது. இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, தக்காளி, பட்டாணி போட்டு வதக்கிய வான்கோழிக் கொத்துக்கறி அப்படித்தான் பிறந்தது. தாளிப்பில் வாசனை, தக்காளியில் ஈரமும் புளிப்பும். மூன்று வேலைகளுக்கும் அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை

இவ்வளவும் வேண்டாம், கடையில் மெல்லியதாக வெட்டி விற்கும் வான்கோழித் துண்டுகளை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அதில் கொழுப்பு குறைவுதான், ஆனால் உப்பு பெரும்பாலும் மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வான்கோழி என்பதால் அதற்கு விலக்கு கிடையாது.

அந்தப் பழைய வீட்டுக்கே திரும்பலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை. அதே ஆறரை மணி, அதே பொட்டலம். இந்த முறை கைமா கிளறாமல் பழுப்பேறுகிறது, சீரகம் எண்ணெயில் மணக்கிறது, கடைசியில் எலுமிச்சை விழுகிறது. ஏழேகாலுக்கு எல்லோரும் மேசையில். கணவனுக்குப் பத்தியச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு வேறு சாப்பாடு என்ற பாகுபாடு இல்லை. எல்லோருக்கும் ஒரே சட்டிதான். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், புதன்கிழமை மதியத்துக்கும் ஆயிற்று. டாக்டரின் பேச்சு நான்காவது வாரமும் அந்த வீட்டில் செல்லுபடியாக இருக்கும் என்றால், அதற்குக் காரணம் இந்தச் சட்டிதான்.