ஸ்காபரோக் கடைவீதியிலே

கனடாவின் ரொறன்ரோ மாநகரில் கிழக்குப் புறமாக அமைந்த பகுதி ஸ்காபரோ. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய இடம் அது. அங்குள்ள தமிழ்க் கடைகளிலே முருங்கைக்காயையும் கருவாட்டையும் ஒடியல் மாவையும் காணும்போது, யாழ்ப்பாணத்துச் சந்தையில் நிற்கின்றோமோ என்ற மயக்கம் நமக்கு உண்டாகும். காசு கொடுக்கும் மேசையை அணுகியதும் அம்மயக்கம் தெளிந்துவிடும்.

அங்கே எழுதியிருக்கும் விலை வேறு. செலுத்தும் தொகை வேறு. அந்நகர் அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தில் விற்பனை வரி 13 வீதம். 100 டொலர்ப் பாத்திரத்துக்கு 113 டொலர் கொடுத்தல் வேண்டும். ஆயினும் அரிசி, பால், முட்டை, காய்கறி என்பவற்றுக்கு வரி இல்லை. மிட்டாய்க்கும் சோடாவுக்கும் உண்டு. சிறுவர் உடுப்புக்கு 5 வீதமே. வீட்டில் சமைத்துண்ணும் குடும்பத்துக்கு வரியும் சற்றே இரங்குகின்றது எனலாம்.

காய்கறித் தட்டில் இறாத்தல் விலையைப் பெரிதாகவும் கிலோ விலையைச் சிறிதாகவும் எழுதியிருப்பர். பற்றுச்சீட்டிலோ கிலோக் கணக்கே வரும். ஓர் இறாத்தல் 454 கிராம் என்பதை நினைவில் வைத்தால் மலைக்க வேண்டியதில்லை. ஒரு சத நாணய விநியோகம் 2013ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே காசாகக் கொடுக்கும் மொத்தத் தொகையை அண்மித்த 5 சதத்துக்குச் சரிப்படுத்துவர்.

இவற்றையெல்லாம் ஒரு மாதத்திற் பழகிவிடலாம். பழகுதற்கு அரியது, எதனையும் இலங்கை ரூபாவாகப் பெருக்கிப் பார்க்கும் வழக்கத்தை விடுதலே. ஒரு கட்டுக் கீரையின் விலையில் ஊரில் எத்தனை நாட் சமையல் நடக்கும் என்று எண்ணத் தொடங்கினால், வாங்கவும் மனம் வராது. உண்ணவும் மனம் வராது. அவ்வாறு எண்ணியே குளிர்ச்சட்டை வாங்கப் பின்னிற்போரும் உளர். உறைபனியிலே பேருந்துக்குக் காத்து நிற்கும் நாட்டில் அது சிக்கனமாகாது, நோயை வரவழைப்பதாகும். புதியது வாங்க இயலாதோர்க்குப் பழைய உடுப்புக் கடைகள் உண்டு. அங்கே நல்ல சட்டைகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

உழைப்பது டொலரில் ஆதலின், ஒரு பொருள் எத்தனை மணி நேர உழைப்பை விழுங்கும் என்று கணக்கிடுதலே தக்கது. அக்கணக்குக் கைவந்த குடும்பம் வாடகையும் கட்டும். ஊரிலிருக்கும் பெற்றோருக்கும் தவறாது பணம் அனுப்பும். குடியேறியவர் முதலிற் கற்கவேண்டிய பாடம் அதுவே என்போம்.