தண்ணீர் போன வழி

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, கல்லூரியின் பழம் புகழை எழுதுவதா, அக்கால ஆசிரியர்தம் பெருமையை எடுத்துரைப்பதா என நாம் சிறிது தயங்கினோம். அவற்றை எம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆகவே, உப்புக்குளத்திலுள்ள எமது வீட்டு முற்றத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி எமக்குக் கற்பித்த பாடத்தைச் சொல்லத் துணிந்தோம். அது கல்லூரியில் முன்னரே கற்று, பின்னர் நாம் மறந்துபோன பாடம்.

ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் அவ்வண்டியை நாம் வாங்கினோம். பலர் கைமாறி வந்த டீசல் வண்டி அது. அயல்வீட்டு இளைஞர் ஒருவர் அதன் சாரதியானார். அவரும் நமது கல்லூரியின் பழைய மாணவரே. மீனையும் நண்டையும் றெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் இட்டு அடுக்கி, விடியுமுன் தாம்போதியைக் கடந்து, தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன் வழியாக வவுனியாச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. அவ்வருவாயில் இரு குடும்பங்கள் சீவித்தன.

ஈராண்டு கழிந்தபின் வண்டி தண்ணீர் குடிக்கத் தொடங்கிற்று. வவுனியா சென்று மீளுந்தோறும் றேடியேற்றரில் அரை லீற்றரோ முக்கால் லீற்றரோ குறைந்திருக்கும். வண்டி நின்ற இடத்து மணலோ உலர்ந்தே கிடக்கும். குழாய்களில் ஈரமில்லை. சொட்டும் இடமும் காணோம். ஒரு நாள் முருங்கனைத் தாண்டியதும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டிற்று. எஞ்சின் ஆறும்வரை வெயிலிற் காத்திருந்ததில் ஐஸ் கரைந்து, ஏற்றிய மீன் பழுதாயிற்று. நட்டத்தை நாமே கொடுக்க நேர்ந்தது.

அன்று மாலை சாரதியை அழைத்து, காலையிலே தண்ணீர் பார்த்தீரா என வினவினோம்.

“நிரப்பிப்போட்டுத்தான் எடுத்தனான், சேர். குறிச்சும் வைச்சிருக்கிறன்,” என்றார் அவர்.

“நிரப்பின தண்ணி நிலத்திலும் இல்லை, றேடியேற்றரிலும் இல்லை என்றால் எங்கே போனது? செய்யாததைச் செய்தேன் என்று சொல்வது படித்த பிள்ளைக்கு அழகல்ல, தம்பி,” என்றோம் நாம்.

அவர் மறுமொழி கூறவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மறுநாள் வண்டியைக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கேட்டபின், சிலிண்டர் தலைக்குக் கீழுள்ள கஸ்கெற் எரிந்துவிட்டதென்றும், தலையைக் கழற்றிச் சீர்செய்ய வேண்டுமென்றும் கூறினார். அவர் சொன்ன தொகை வண்டியை வாங்கிய விலையிற் காற்பங்கை அண்மித்தது. வேறு வழியின்றி இசைந்துவிட்டு வீடு திரும்பினோம்.

அன்றிரவு வண்டியின் பத்திரங்களைத் தேடுகையில் ஒரு கொப்பி அகப்பட்டது. சாரதி எழுதியது. ஒவ்வொரு நாளும் எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் நீர் எம்மட்டத்தில் நின்றது, எத்துணை சேர்க்கப்பட்டது, வண்டி எங்கே ஓடிற்று என்பனவெல்லாம் நேர்கோடிட்டுப் பதியப்பட்டிருந்தன. பேசாலைக்கும் பள்ளிமுனைக்கும் ஓடிய நாட்களில் நீர் குறையவேயில்லை. ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வவுனியாவுக்கு ஓடிய நாட்களிலெல்லாம் தவறாது குறைந்திருந்தது. இடையிலே ஒரு வரி: “கூலன்ற் வாங்குவமோ எண்டு சேரைக் கேட்டன். கிணத்துத் தண்ணி போதும் எண்டார்.”

பொய் சொல்பவன் இவ்வாறு கணக்கு வையான். விடிந்ததும் அவர் வீட்டு வாசலுக்கு நாமே நடந்து சென்றோம். “சொன்னது பிழை, தம்பி. தண்ணி போன வழியை இரண்டு பேருமாகத் தேடுவோம்,” என்றோம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உடன் வந்தார். கராஜுக்குச் சொல்லி அனுப்பி, தலை கழற்றும் வேலையை நிறுத்தினோம்.

ஊரில் வேறொரு முதிய மெக்கானிக் இருந்தார். கஸ்கெற் எரிந்திருப்பின் அதற்குச் சாட்சிகள் உண்டென்றார் அவர். எஞ்சின் எண்ணெயில் நீர் கலந்து பாற்கஞ்சி போலாகும். புகைக்குழாயில் வெண்புகை விடாது வரும். றேடியேற்றரிற் குமிழிகள் எழும். இம்மூன்றும் இங்கில்லை. பின்னர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி றேடியேற்றரின் வாயிற் பொருத்தினார். எரிந்த வாயுவின் காபனீரொட்சைட்டு நீருக்குள் வந்திருப்பின் அத்திரவம் நிறம் மாறும். கால் மணி நேரம் நின்றும் அது நீலமாகவே இருந்தது. கஸ்கெற் நிரபராதி.

அடுத்துக் கைப்பம்பினால் அமுக்கம் ஏற்றிப் பார்த்தார். முள் அசையவில்லை. ஆனால் இச்சோதனை நடந்தது எஞ்சின் குளிர்ந்திருந்தபோது என்பதை நாம் கருதவேண்டும். கடல் மட்டத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். றேடியேற்றர் மூடியிலுள்ள வில் 0.9 பார் அளவுக்கு அமுக்கத்தைப் பிடித்துவைப்பதால், உள்ளே அது ஏறத்தாழ 118 பாகை வரை கொதியாதிருக்கும். சூடான மூடியைத் திறத்தலாகாது என்பதற்கும் இதுவே காரணம்; திறந்த கணத்தில் நீர் பொங்கி முகத்திற் பாயும். நெடுந்தூரம் ஓடுகையில் அமுக்கம் நிறைய, இரும்பும் வெப்பத்தால் விரிய, குளிரில் மூடிக்கிடந்த நுண்துளை திறக்கக்கூடும். அதனூடே கசியும் நீர் சுடுமிரும்பிற் பட்டு ஆவியாகிவிடும். ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 1600 லீற்றர் நீராவியாகிக் காற்றோடு கலந்தால், மணலில் ஈரத்தைத் தேடி என்ன பயன்?

இவ்விடத்திலேதான் எமது விஞ்ஞான ஆசிரியர் நினைவுக்கு வந்தார். கடல்நீரை ஆவியாக்கற் கிண்ணத்தில் ஊற்றிக் காய்ச்சி, நீர் முழுதும் போனபின் அடியிற் படிந்த வெண்பொடியைக் காட்டி, ‘போனது எது, நின்றது எது’ என அவர் கேட்பார். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. நீர் போகும்; உப்புப் போகாது. உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எமக்கு இதனை மீண்டும் சொல்லித்தர ஒருவர் வேண்டியிருந்தது! தேடவேண்டியது ஈரத்தையன்று, வெள்ளையை.

அடுத்த வவுனியாப் பயணம் முடிந்து வண்டி முற்றத்துக்கு வந்ததும், மூடியைத் தொடாது, முன் பொனற்றை மட்டும் உயர்த்தினோம். மின்சூளையும் சிறு முகக்கண்ணாடியும் கொண்டு, கண் எட்டாத மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். புகைபோகும் இரும்புக் குழாய்த்தொகுதியின் பின்னே, எஞ்சின் உடலில், ஐந்து ரூபாய்க் குற்றியிலும் சற்றே பெரிய வட்டத் தகடொன்றின் கீழ் விளிம்பிலிருந்து வெண்கோடொன்று இறங்கிற்று. அதன் நுனியில் மெல்லிய ஆவி ஆடிக்கொண்டிருந்தது.

“உப்பு, சேர்,” என்றார் சாரதி.

எஞ்சின் உடலை வார்க்கும்போது உள்ளிருக்கும் மணலை வெளியேற்றுதற்கு விடப்படும் துளைகளை அடைக்கும் மெல்லிய உருக்குத் தகடு அது. கோர் பிளக் என்பர். மெக்கானிக் அதனைக் கழற்றிக் கையில் தந்தபோது வெளிப்புறம் செவ்வையாயிருந்தது. உட்புறமோ துருவினால் அரிக்கப்பட்டுக் கடதாசி போல மெலிந்திருந்தது.

அரித்தது யார்? எமது கிணறு. மன்னார்த் தீவின் மணலுக்கடியில் நன்னீர் ஒரு மெல்லிய வில்லையைப் போல உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கோடையில் மிகுதியாக இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். அந்நீரைத்தான், கூலன்ற் வாங்கும் சிறு செலவை மிச்சம்பிடிக்கும் பொருட்டு, ஈராண்டு எஞ்சினுக்குள் ஊற்றச் செய்தோம். எமது நாட்டில் நீர் உறையாதே, கூலன்ற் எதற்கு என்பது எமது வாதம். அது துருவைத் தடுப்பதற்கும், கொதிநிலையை உயர்த்துவதற்கும் உரியது என்பதை நாம் எண்ணவில்லை. ஆக, பொய்யன் எனப் பழிக்கப்பட்டவர் உண்மையை எழுதிவைத்திருந்தார். பழித்தவராகிய நாமே அந்நோய்க்குக் காரணர்.

தகடுகள் அனைத்தும் மாற்றப்பட்டன. உள்ளறைகள் கழுவப்பட்டன. காய்ச்சி வடித்த நீரும் கூலன்றும் சரிபாதியாகக் கலந்து ஊற்றப்பட்டன. மொத்தச் செலவு முதற் கராஜ் கேட்டதில் மிகச் சிறு பகுதியே. ஓர் எச்சரிக்கை: கூலன்றின் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் வீட்டுப் பிராணிகளுக்கும் எட்டாதபடி வைத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, நாற்பது மாணவர் முன்னின்று பிழைகளைத் திருத்திய கை எமது கை. அக்கைக்கு ஒரு கொப்பியைத் திறந்து பார்க்கப் பொறுமை இல்லாது போயிற்று. ஒருவரைக் குற்றஞ்சாட்டுமுன் சோதியுங்கள், சோதிக்குமுன் குறித்துவையுங்கள். வகுப்பறையில் அவ்விளைஞர் எம்மிடம் கற்றதை அவர் மறக்கவில்லை. மறந்தவர் ஆசிரியர்.

அக்கொப்பி இன்றும் வண்டியினுள் இருக்கின்றது. சேர்த்த நீரின் அளவைக் குறிக்கும் நிரலில் இப்போது பூச்சியங்களே நிரம்பியுள்ளன. வாரத்துக்கொருமுறை அதனை வாங்கிப் பார்த்து, அடியிற் கையொப்பமிடுகிறோம். அவ்விளைஞரை வளர்த்தெடுத்த நமது கல்லூரி நீடு வாழ்க.